செம்மண் சரளையில் ஈருருளிச் செலவு

பண்ணுருட்டி வட்டாரத்தில் 'கிராவல்' என்னும் சொல்லை அறியாதார் இலர். அகராதி ஏறாத சொல்தான். ஆயினும் லாரியில் ஏறி ஊர் ஊராகச் செல்லும் சொல். "தெருவுக்கு நாலு லோடு கிராவல் அடிச்சாச்சு" என்று ஒருவர் சொன்னால், ஐப்பசி மழையில் சேறாய்க் கிடந்த தெரு ஒருவாறு கால்வைக்கத் தக்கதாயிற்று என்பது பொருள். வீட்டுக்கு அடித்தளம் நிரப்புவோர்க்கும் மனைப்பிரிவு போடுவோர்க்கும் ஊராட்சிச் சாலை ஒப்பந்தக்காரர்க்கும் அன்றாடம் நாவில் புழங்கும் சொல் அது. செம்மண்ணும் சிறு கல்லும் இயற்கையாகவே கலந்து கிடக்கும் சரளையே அவர்கள் குறிக்கும் பொருள்.

இச்சொல் ஒரு விளையாட்டின் பெயராகவும் வழங்குகிறது என்பதை எனக்கு முதன்முதலில் கூறியவர் நம் தமிழ்த்துறையில் பயின்ற மாணவர் ஒருவர். பணி நிறைவு பெற்றுத் திருவதிகையில் குடியேறியபின், விடியற்காலையில் கெடிலக்கரை வழியே மிதிவண்டியில் போய்வருவதை நான் வழக்கமாகக் கொண்டிருந்தேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊரினரான அம்மாணவர் விடுமுறை நாள்களில் என்னுடன் சேர்ந்துகொள்வார். ஒருநாள், "ஐயா, நாம் ஓட்டுகிற பாதைக்கு அமெரிக்காவில் பந்தயமே நடத்துகிறார்களாம்" என்றார். நான் நம்பவில்லை. தார்ச்சாலைக்கு மனுக்கொடுத்து அலுத்த மக்களின் நாட்டில் பிறந்தவனுக்கு, சரளைச் சாலையை நாடிப் பல்லாயிரம் கல் பறந்து செல்வோர் இருக்கிறார்கள் என்பது எளிதில் நம்பக்கூடியதாக இல்லை.

ஆனால் அது உண்மையே. அமெரிக்காவில் கான்சாசு மாநிலத்து எம்போரியா என்னும் சிற்றூரில் 2006ஆம் ஆண்டு 34 பேர் கூடி, தீக்கல் சிதறிக்கிடக்கும் புல்வெளிக் குன்றுகளினூடே 200 மைல் தொலைவை மிதிவண்டியில் கடக்க முற்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் செல்வோரும் கடை நடத்துவோருமே. அந்நிகழ்ச்சி இன்று 'அன்பவுண்ட்' என்னும் பெயரில் ஆயிரக்கணக்கானோர் திரளும் விழாவாக வளர்ந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் சரளைச் சாலை மிதிவண்டிக்கென்றே முதல் உலக வாகையர் போட்டியும் நடந்தது. தொழில்முறை வீரர்கள் வந்து சேர்ந்தனர், பரிசுத்தொகை வந்தது, வண்டி உற்பத்தியாளர்கள் 'கிராவல் பைக்' என்றொரு தனி வகையையே சந்தைக்குக் கொணர்ந்தனர்.

அவ்வகை வண்டி ஒன்றைச் சென்னையில் பார்த்தேன். விலையைக் கேட்டபோது, 'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தையும் இக்காலத் தமிழில் பணத்தையும் குறிப்பது எத்துணைப் பொருத்தம் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு வண்டியை உற்று நோக்கினேன். சக்கரத்தின் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நீண்ட இடைவெளி. முன்முள் சற்றுச் சாய்ந்திருந்தது. கல்லில் ஏறினால் குதிக்காமல் அமைதியாக உருள்வதற்காக அவ்வாறு செய்கிறார்கள் என்று கடைக்காரர் விளக்கினார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருந்த என் தந்தையாரின் பழைய வண்டியின் டயர் இருபத்தெட்டுக்கு ஒன்றரை. அதாவது ஏறத்தாழ அதே 40 மில்லிமீட்டர். அதே நீண்ட உடல். அதே சாய்ந்த முன்முள். தார் காணாத சாலைகளுக்கென்று ஆங்கிலேயர் வடிவமைத்து, 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை போன்றவை நம் நாட்டிலேயே உருவாக்கித் தந்த வண்டிகளின் வடிவத்தைத்தான் மேலைநாட்டார் நூறாண்டு கழித்து மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். வேறுபாடு இல்லாமற் போகவில்லை. நம் வண்டி இருபது கிலோவுக்கு மேல்; அவர்களுடையது அதில் ஏறத்தாழப் பாதி. நம்மதற்குப் பற்சக்கர மாற்று இல்லை. அவர்களுடையதில் ஏற்றத்துக்கொன்று இறக்கத்துக்கொன்று என அடுக்கடுக்காக உண்டு. ஆயினும் வடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையில் மலை ஏதும் இல்லையே!

இப்போது நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். தொலைதூர மிதிவண்டிச் செலவு என்பது பொருள் படைத்தோரின் புதுமோகம் என்று நம்மில் பலர் ஒதுக்குகின்றனர். வேறு சிலர் அதனைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடுகின்றனர். இரண்டும் தவறு என்பது என் துணிபு. தொழிலாகக் கொள்ளாமல் விருப்பம் ஒன்றினாலேயே நெடுந்தொலைவு ஓட்டுவதில் பண்பட்ட ஒரு போட்டிமுறை ஒளிந்திருக்கிறது. அது நம் கல்லூரிகளுக்கு மிகவும் வேண்டப்படுவது. அதே வேளையில் அதற்குள் ஒரு நாணமும் ஒளிந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

முதலில் போட்டிமுறையைப் பார்ப்போம். பிரான்சு நாட்டில் 1891ஆம் ஆண்டு, பாரிசிலிருந்து பிரெஸ்து என்னும் துறைமுக நகர் வரை சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தைச் செய்தியிதழ் ஒன்று நடத்தியது. வென்றவரான சார்ல் தெர்ரோன் ஏறத்தாழ 71 மணி நேரத்தில், உறங்காமலே ஓட்டி முடித்தார். அக்காலத்தில் அங்கும் தார்ச்சாலை ஏது? முழுவதும் மண்ணும் சரளையுந்தான். 1931 முதல் விருப்பத்தால் ஓட்டுவோர்க்கும் அதில் இடம் கிடைத்தது; பின்னாளில் தொழில்முறை வீரர்கள் அதிலிருந்து விலகிக்கொண்டனர். இன்று அது முற்றிலும் அவர்களுடையதே. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. தொண்ணூறு மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவர்க்குப் பரிசில்லை; முடித்தவர் அனைவர்க்கும் ஒரே பதக்கம்.

இந்த முறை 'பிரெவே' என்னும் பெயரால் உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டில் 'ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ்' என்னும் அமைப்பின் கீழ்ச் சென்னை, கோவை முதலிய நகரங்களின் குழுக்கள் இதனை நடத்துகின்றன. 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம். 300க்கு 20 மணி நேரம். 400க்கு 27, 600க்கு 40. வழியிலுள்ள குறிப்பிட்ட இடங்களில் கையட்டையில் முத்திரை பெறவேண்டும். டியூப் வெடித்தால் தானே ஒட்டவேண்டும். செயின் அறுந்தால் தானே பூட்டவேண்டும். சோதனை நிலையங்களுக்கு இடையில் உடன்வரும் வண்டியின் உதவி கூடாது. முதல்வர் எட்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்; கடைசி ஆள் பதின்மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் வந்து சேர்வார். இருவர் பெயரும் ஒரே பட்டியலில், வரிசை எண் இல்லாமல் அச்சாகும். தரவரிசையாலும் மதிப்பெண்ணாலும் மூச்சுமுட்டும் நம் மாணவர்க்கு இத்தகைய தேர்வு ஒன்று உலகில் உண்டென்று காட்டுவதே ஒரு கல்வி அன்றோ?

தம்மை அளப்பதற்குப் பிறரை முந்த வேண்டியதில்லை என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தக் காலவரம்பு இரக்கமற்றது. 2019ஆம் ஆண்டு பாரிசு நிகழ்ச்சிக்கு இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றனர். அவர்களுள் பலரால் உரிய நேரத்தில் முடிக்க இயலவில்லை. குளிரும் எதிர்காற்றும் அவர்களை வாட்டின. பெருந்தொகை செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் பயின்று, இறுதியில் வெறுங்கையோடு திரும்புவது எளிய துன்பமன்று.

அத்துன்பத்தின் சிறு வடிவை நானும் சுவைத்திருக்கிறேன். பணி ஓய்வுக்கு ஈராண்டுக்கு முன், 200 கிலோமீட்டரை ஒருமுறை முடித்த துணிவில் 300க்குப் பெயர் கொடுத்தேன். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. நண்பகல்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. வெயில் ஏறிய பிறகு நான் செய்த பிழை, தண்ணீரை மட்டுமே பருகிக்கொண்டு உப்பையும் சோற்றையும் மறந்தது. வியர்வையோடு உப்பு வெளியேறிவிட்டபின் வெறும் நீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் உடல் அதனை ஏற்பதில்லை. மாலையில் குமட்டல் தொடங்கியது. விரல்கள் மரத்தன. கைப்பிடியை ஒரே நிலையில் பற்றியிருந்தால் உள்ளங்கை நரம்பு நசுங்கிச் சிறுவிரலும் அடுத்த விரலும் உணர்விழக்கும். அதைப் போக்கக் கையை அடிக்கடி மாற்றிப் பிடிக்கவேண்டும் என்பதும் எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்தேன். எண்பது கிலோமீட்டர் எஞ்சியிருந்தது. ஐந்து மணி நேரமும் எஞ்சியிருந்தது. கணக்கு பொருந்தியது, கால்கள் பொருந்தவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "காய்கறி இறக்கிட்டுக் குட்டியானை திரும்புது சார், சைக்கிளப் பின்னால போட்டுக்கலாம்" என்றார். போட்டுக்கொண்டேன்.

இடையில் தயங்கி நிற்பது பயணத்தையே கைவிட்டதாகாது என்று அகப்பொருள் இலக்கணம் தலைவனுக்கு ஒரு சலுகை தருவதை நாற்பதாண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். அவ்விரவில் அந்தச் சலுகை எனக்கு ஆறுதல் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த நாள் வீட்டில் எவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுவும் சற்று வலித்தது.

அதன்பிறகுதான் தார்ச்சாலையை விட்டு மண்பாதைக்கு முழுவதுமாக மாறினேன். தோல்வி ஒரு காரணம், அச்சம் மற்றொன்று. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில், பண்ணுருட்டி வழியாக நெய்வேலிப் பக்கம் இரவில் ஓட்டிப் பார்த்தவர்க்கு அந்த அச்சம் புரியும். லாரி விளக்கின் முன் மிதிவண்டிக்காரன் ஓர் இலைச்சருகுதான்.

மண்பாதையோ வேறோர் உலகம். கடலூர் மாவட்டத்தின் இப்பகுதி செம்மண் மேட்டுநிலம். திருவதிகையில் கெடிலத்தை ஒட்டிய வண்டல் வயல்களைத் தாண்டித் தெற்கே காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கம் சென்றால் மண் சிவந்துவிடும். இருபுறமும் முந்திரி, ஊடே பலா. 2011 திசம்பர் 30ஆம் நாள் கரையேறிய தானே புயல் இத்தோப்புகளை ஒரே நாளில் சாய்த்தது. அன்று விழுந்த பலா மரங்களுள் பல, பாட்டனார் நட்டவை. மீண்டும் நட்ட கன்றுகள் இன்று வண்டித்தடத்துக்கு நிழல் தருமளவுக்கு வளர்ந்துள்ளன. அந்த நிழலில் விடியற்காலையில் ஓட்டும்போது கேட்பது சரளை நெரியும் ஒலி ஒன்றுதான்.

மண்ணில் ஓட்டுவதற்கென்று ஒரு நுட்பம் உண்டு. சக்கரத்தில் காற்றைச் சிறிது குறைக்கவேண்டும். கல்போல் இறுகிய டயர் ஒவ்வொரு சரளையிலும் துள்ளும். துள்ளும்போதெல்லாம் மிதித்த வலிமை வீணாகும். சற்றுத் தளர்ந்த டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். மிகத் தளர்ந்தாலோ, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் கடிபட்டு இரட்டைக் காயம் விழும். மணற்பாங்கான இடத்தில் முன்பிரேக்கைத் தொடலாகாது. கைப்பிடியை இறுகப் பற்றாமல் வண்டியை அதன் போக்கில் சிறிது விடவேண்டும். பஞ்சர் ஒட்ட உப்புத்தாள், சொல்யூஷன், பழைய டியூப் துண்டு ஆகியவை சட்டைப்பையில் இருக்கவேண்டும். சக்கரம் கோணிவிட்டால் கோட்டம் எடுக்க ஊர்தோறும் ஆள் இருந்த காலம் போய்விட்டது. வாடகைச் சைக்கிள் கடைகளும் போயின. அங்கே குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறையும் நரைத்துவிட்டது. உணவுக்கு மட்டும் குறையில்லை. மேலைநாட்டு வீரர்கள் பசைபோன்ற ஏதோ ஒன்றைப் பொட்டலத்திலிருந்து பிழிந்து உண்கிறார்கள். எனக்கு நீராகாரமும் கடலைமிட்டாயும் அதனினும் நன்றாகப் பணிசெய்கின்றன. உப்பிட்ட மோர் அன்றைய இரவில் கிடைத்திருந்தால் இக்கட்டுரையின் ஒரு பத்தி வேறுவிதமாக இருந்திருக்கும்.

இப்பாதைகள் சில இடங்களில் திடீரென்று முடிந்துவிடுகின்றன. 1950களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டத் தொடங்கியபின், சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஊர்களோடு அவற்றை இணைத்த வண்டித்தடங்களும் மறைந்தன. முதியோர் ஒருவர் வழிசொன்ன பாதை, வேலியிலும் அதற்கப்பால் குன்றென நிற்கும் மண்மேட்டிலும் போய் முட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அவர் தம் இளமைக்கால ஊருக்கு வழி சொல்லியிருக்கிறார்.

இனி அந்த நாணம்.

ஒரு மார்கழிக் காலையில், முந்திரிக்காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூரின் வழியாகச் சென்றுகொண்டிருந்தேன். ஊருக்குள் செல்லும் ஒரே சாலை அது. மழையில் அரித்துக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. அருமையான பாதை என்று மனத்துள் மகிழ்ந்தபடி, ஓரிடத்தில் நின்று தொலைவைக் குறித்துக்கொண்டிருந்தேன். தலையில் முந்திரிச் சுள்ளிக்கட்டுடன் வந்த அம்மையார் ஒருவர் நின்றார். என் தலைக்கவசத்தையும் கையிலிருந்த குறிப்பேட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரோடு அளக்க வந்திருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன். அவர் முகத்தில் எழுந்த ஒளி அணைந்ததைக் கண்டேன். "போன மழையில எம் மருமகள ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறகு திரும்பி, "அப்போ எதுக்கு சார் இந்த ரோட்டுல வரீங்க?" என்றார்.

என்னிடம் விடை இருக்கவில்லை. எனக்கு இன்பம் தரும் கல் அவர் மருமகளுக்குத் துன்பம் தந்த கல். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது அதன் நோக்கமே இத்தகைய ஊர்களை எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலையால் இணைப்பதுதான். அந்தச் சாலை வந்துவிட்டால் என் பாதை போய்விடும். போகட்டும் என்று சொல்ல அன்று என் நெஞ்சம் ஒரு நொடி தயங்கியது. அந்தத் தயக்கத்தையே நான் நாணம் என்கிறேன்.

பல நாள் எண்ணிப் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வந்தேன். சரளைப்பாதைகளில் இருவகை உண்டு. ஓர் ஊருக்கு இருக்கும் ஒரே வழி என்பது ஒருவகை. அது தார்பெற வேண்டும், நாளையே பெறவேண்டும். ஏரிக்கரை, வாய்க்கால்கரை, தோப்புத்தடம், ஆற்றோரம் என்பன மற்றொரு வகை. பெருமாள் ஏரிக்கரையையோ கெடிலக்கரையையோ தார் பூசிக் கெடுக்குமாறு எந்த ஊராரும் மனுக்கொடுப்பதில்லை. விருப்பத்துக்காக ஓட்டுவோர் உரிமை கொண்டாட வேண்டியது இரண்டாம் வகையையே. முதல் வகையில் சென்றால், சும்மா கடந்துபோகக் கூடாது.

இங்கே நம் இலக்கியம் எனக்குக் கைகொடுத்தது. பத்துப்பாட்டின் மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனை நாடிச்செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் நூல். பரிசில் பெற்ற ஒருவன் பெறாத மற்றவர்க்கு, எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, எங்கே தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும், எங்கே வழுக்கும் என்றெல்லாம் இடம் சுட்டி எச்சரிக்கிறான். அவன் கண்ட வழி அவனுக்கு மட்டும் உரியதன்று, பின்வருவோர்க்கும் உரியது. தொலைதூர மிதிவண்டிக்காரர் கையிலும் இன்று அத்தகைய வழிக்குறிப்பு இருக்கிறது. எந்தக் கிலோமீட்டரில் மதகு இடிந்துள்ளது, எங்கே மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் அவர்க்குத் தெரியும். அதனை நண்பர்க்குக் காட்டி மகிழ்வதோடு நில்லாமல், ஊராட்சி அலுவலகத்துக்கும் எழுதித் தரலாம் அல்லவா? அம்மையாரின் ஊர்ச்சாலை பற்றி ஒவ்வொரு குழியாகக் குறித்து நான் ஒரு மனு எழுதினேன். ஊரார் கையெழுத்திட்டனர். சாலை இன்னும் வரவில்லை. மனுவின் படியை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சென்று புதுக்குழிகளைச் சேர்த்து மீண்டும் தருகிறேன். 'ரோடு அளக்க' வந்தவனாகவே ஆகிவிட்டேன்.

மற்றொரு நாணத்தை எனக்கு உணர்த்தியவர் முன்னர்க் குறிப்பிட்ட மாணவர். முதன்முறையாக நூறு கிலோமீட்டரை என்னுடன் முடித்த அன்று, பள்ளியில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில்தான் அவர் வந்திருந்தார். பாராட்டுச் சான்றிதழ் ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் சற்றுப் பேசாதிருந்தார். பின்பு, "எங்கப்பா கடலூர்த் துறைமுகத்துல மீன் எடுத்து, கேரியர்ல கட்டி, இருபது வருசம் உள்ளூருங்களுக்குப் போட்டாரு ஐயா. ஒரு நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் இருக்கும். அவருக்கு யாரும் முத்திரை குத்தல" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியாகச் சொன்னார்.

அவர் தந்தை ஓட்டியது வயிற்றுக்காக. நாம் ஓட்டுவது விருப்பத்துக்காக. இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். ஆயினும் வயிற்றுக்காக ஓட்டிய தந்தையின் மகன் விருப்பத்துக்காகவும் ஓட்டக்கூடாதா? உழைப்பில் மட்டுமே உடலைச் செலவிடும் உரிமை ஏழைக்கும், விளையாட்டில் செலவிடும் உரிமை செல்வர்க்கும் என்று யார் பிரித்தது? தொலைதூர மிதிவண்டி இன்று பொருள் உள்ளோரின் களமாகத் தோற்றமளிப்பதற்கு வண்டியின் விலையும் நுழைவுக்கட்டணமும் தொலைவான நகரங்களும்தான் காரணம். அவற்றை நீக்கினால் எஞ்சுவது ஒரு சக்கரமும் ஒரு பாதையுமே.

நீக்கமுடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த திருமதி ஷீலாராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்க வழிசெய்தார். கல்குவாரித் தொழிலாளரும் உழவுத் தொழிலாளரும் செவிலியரும் ஆயிரமாயிரமாகப் பழகினர். 1992இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டு ஓட்டிக்காட்டினர். இதழாளர் பி. சாய்நாத் இதனை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அதுவரை வீட்டு வாசல் தாண்டத் தயங்கிய இளம் முஸ்லிம் பெண்கள் பலர், பேருந்துக்குக் காத்திராமல் தாமே வண்டியேறிச் சென்றதையும் அவர் பதிவு செய்துள்ளார். தொடக்கத்தில் எழுந்த ஏளனப் பேச்சு சில மாதங்களில் அடங்கிப்போயிற்று. பின்னர் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. ஆகவே நம் மாணவர், மாணவியர் பலரின் வீட்டில் ஒரு வண்டி உண்டு. கல்லூரிக்கு வந்ததும் அது துருப்பிடிக்கத் தொடங்குகிறது. இருசக்கர மோட்டார் வண்டி வாங்கித்தரச் சொல்லி வீட்டில் போராட்டம் தொடங்குகிறது!

ஆதலால் நம் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்று. தைப்பொங்கல் விடுமுறைக்குப் பிந்திய ஞாயிறு ஒன்றில், திருவதிகையில் தொடங்கிக் காடாம்புலியூர்த் தோப்புகள், நெய்வேலிப் புறம், வடலூர், பெருமாள் ஏரிக்கரை, நெல்லிக்குப்பம் வழியாகத் திரும்பி வரும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்ச் செலவு ஒன்றை நடத்துவோம். கட்டணம் வேண்டா. எந்த வண்டியும் வரலாம். தரவரிசை இராது, ஒன்பது மணி நேரம் வரம்பு. விலையில்லா மிதிவண்டியில் வருவோர்க்கு அது தாராளம். சோம்பலுக்கு மட்டும் இடந்தராது.

எதிர்ப்புரை வரும் என்பதை அறிவேன். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று நிருவாகம் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஆசிரியர் ஒருவர் நிற்கவேண்டும். வெயில் ஏறுமுன் பாதித் தொலைவு கடந்திருக்கவேண்டும். இருட்டுமுன் அனைவரும் திரும்பியிருக்கவேண்டும். மாணவியரை அனுப்பப் பெற்றோர் தயங்குவர். அதற்காக மாணவர்க்கு மட்டும் என்று அறிவித்துவிடுவது எளிய வழி. அந்த எளிய வழியை நான் ஏற்கவில்லை. மாணவியர் நால்வர் ஐவராகக் குழுச் சேர்ந்து, விரும்பினால் அண்ணனோ தம்பியோ தந்தையோ உடன் ஓட்டிவர வரட்டும். உடன் வரும் தந்தையாருக்கும் ஓர் அட்டை கொடுத்துவிடுவோம். 300இல் பாதியில் நின்றவன் என்ற முறையில் ஒன்று மட்டும் வற்புறுத்துவேன்: பாதியில் நிற்பவர் பெயரும், நின்ற இடத்தோடு, பட்டியலில் இடம்பெற வேண்டும்.

முத்திரையிடும் இடங்களை மாணவரும் நானும் சென்ற மாதம் பார்த்துவந்தோம். வடலூருக்கு அருகில் ஒரு சைக்கிள் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவதற்குக் காசு வாங்கமாட்டாராம், கோட்டம் எடுத்தால் மட்டும் வாங்குவாராம். பெருமாள் ஏரிக்கரையில் முத்திரையிடுவதற்கு மாணவரின் தந்தையாரையே கேட்டோம். இப்போது முழங்கால் வலியால் அவர் வண்டி ஓட்டுவதில்லை. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைசி ஆளு வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கணுமா சார்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்போ மோரு நான் கொண்டாந்துடறேன். உப்புப் போட்டு" என்றார்.